சவலைப் பூனைக்குட்டி

பூனை இல்லாத தோட்டத்து லயத்தை நம்மில் யாரும் பார்த்திருக்கமாட்டோம். பிரிஞ்சாங் வட்டாரத்தில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டமாகட்டும், மலைச்சரிவுக் காய்கறித் தோட்டங்களாகட்டும், கடைத்தெருவாகட்டும், அரிசி மூட்டையும் கோழித்தீவனமும் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியைத் தேடிப் பூனை வரும். பூனை வந்துவிட்டால் ஆண்டுக்கு இரண்டு முறையோ மூன்று முறையோ சாக்கு அடுக்கின் பின்னாலிருந்தும் பழைய அலமாரியின் அடித்தட்டிலிருந்தும் குட்டிகளின் சத்தம் கேட்கும்.

நாலு குட்டிகள் இருந்தால் மூன்று கொழுகொழுவென்று தாயின் மடியில் வரிசையாகக் கிடக்கும். நாலாவது சற்றுத் தள்ளிக் கிடக்கும். உள்ளங்கையில் வைத்தால் பாதிகூட நிறையாது. பெரியவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது தேறாது, தாயே ஒதுக்கிவிட்டது" என்று சொல்லிப் போய்விடுவார்கள். அந்த நாலாவது குட்டியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அதைப் பிழைக்க வைப்பது எப்படி, பிழைத்த பிறகு அதற்கு ஒரு நல்ல வீடு தேடுவது எப்படி என்ற இரண்டையும் பார்ப்போம்.

சவலை என்ற சொல் நமக்குப் பழக்கமானது. அடுத்த பிள்ளை பிறந்ததும் முந்திய பிள்ளை தாய்ப்பால் இல்லாமல் இளைத்துப்போனால், சவலை பாய்ந்துவிட்டது என்று பாட்டிமார் சொல்வார்கள். பூனைக்குட்டிக்கும் அந்தச் சொல் பொருந்துகிறது. ஆனால் குழந்தை பிறந்த பிறகு சவலையாகிறது. குட்டியோ வயிற்றிலேயே சவலையாகிவிடுகிறது. பூனையின் கருப்பை இரண்டு கொம்புகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி உண்டு. இரத்த ஓட்டம் குறைவான இடத்தில் ஒட்டிக்கொண்ட கருவுக்கு ஊட்டம் குறைந்துபோகிறது. குறைநாளில் பிறந்த குட்டி என்று பலர் நினைப்பதுண்டு. அது மற்றக் குட்டிகளோடு அதே நாள் கணக்கில் பிறந்ததுதான். இடம் வாய்க்கவில்லை, அவ்வளவே.

பிறந்த பூனைக்குட்டி ஏறத்தாழ 100 கிராம் எடை இருக்கும். நம் மலையில் விளையும் நடுத்தரத் தக்காளி ஒன்றின் எடை என்று வைத்துக்கொள்ளலாம். 80 கிராமுக்குக் கீழே போனால் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு முன்கட்டில் ஒரு மழைக்கால இரவில் பிறந்த நான்கில் கடைசிக் குட்டி 64 கிராம்தான் இருந்தது. நாலு ஸ்ட்ராபெரிப் பழத்தின் எடை என்று சொன்னால் பலர் நம்பவில்லை.

வைணவத்தில் தென்கலையார் இறையருளுக்குப் பூனைக்குட்டியை உவமை சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும், குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பது அந்த உவமை. இதைச் சொன்னவர்கள் பிறந்த குட்டியைக் கூர்ந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அதற்குக் கண் திறந்திருக்காது, காது கேட்காது. சிறுநீர் கழிப்பதற்குக்கூடத் தாய் நக்கிவிட வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. முதல் வாரத்தில் அதற்கு நடுங்கத் தெரியாது. நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த வசதி பிறந்த குட்டிக்கு இல்லை. தாயின் மடிச்சூடும் உடன்பிறந்தவர்களின் சூடும்தான் அதன் சூடு.

இனி நம் ஊரை எண்ணிப் பாருங்கள். பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் குளிர் 15, 16 பாகைக்கு இறங்கிவிடும். மழையும் மூடுபனியும் சேர்ந்தால் சிமெண்டுத் தரை பனிக்கட்டிபோல் ஆகிவிடும். முதல் வாரக் குட்டிக்கு அதைச் சுற்றி 30 பாகைக்குக் குறையாத சூடு வேண்டும். ஈப்போவிலோ கிள்ளானிலோ தாயைவிட்டு அரைமணி நேரம் விலகிக் கிடக்கும் குட்டி பிழைத்துக்கொள்ளக்கூடும். இங்கே அதே அரைமணி நேரம் அதன் உயிரைக் குடித்துவிடும்.

தாய் ஒதுக்கிவிட்டது என்ற பேச்சுக்கு இப்போது வருவோம். குட்டிகள் பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முலைக்காம்பைப் பிடித்துக்கொள்கின்றன. வலுத்தது பால் அதிகம் வரும் காம்பைப் பிடிக்கிறது. சவலைக்குக் கிடைப்பது மிச்சம், அதிலும் முட்டித் தள்ளுதல். பசியால் உடம்பு சில்லிடுகிறது. சில்லிட்ட குட்டியின் குரல் அடங்கிவிடுகிறது, அசைவு நின்றுவிடுகிறது. அசையாத, சூடில்லாத ஒன்றைத் தாய் தன் குட்டியென்று கருதாமல் விட்டுவிடுகிறது. தாய் ஒதுக்கியதால் குட்டி குளிர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் நடப்பது தலைகீழ். குளிர்ந்ததால்தான் தாய் ஒதுக்கியது. எங்கள் கடைக்குட்டியைச் சூடேற்றித் திரும்ப மடியில் விட்டதும் அதே தாய் அதை இழுத்துப் போட்டு நக்கத் தொடங்கிய காட்சியை நாங்கள் மூவரும் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே முதல் வேலை சூடு. பால் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் நல்ல எண்ணத்தோடு செய்வதே கேடாக முடியும். உடம்பு சில்லிட்ட குட்டியின் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் நின்று புளித்துவிடும். மேலே ஏறி மூச்சுக்குழலிலும் இறங்கிவிடும். நம் சிறுவிரலைக் கழுவித் துடைத்துக் குட்டியின் வாய்க்குள் மெல்ல வைத்துப் பார்க்கலாம். வாய் சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுப் பால்கூடக் கூடாது.

சூடேற்றுவதிலும் பதறக் கூடாது. அடுப்பருகே வைப்பதோ வெந்நீரில் முக்குவதோ ஆகாத காரியம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெதுவாகச் சூடு ஏற வேண்டும். எங்கள் அத்தை பல ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அவர் எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. குட்டியை ஒரு கைக்குட்டையில் சுற்றித் தம் கம்பளிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் யாரும் என்னோடு பேசாதீர்கள்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதைவிடச் சிறந்த முறை வேறில்லை. மனித உடம்பின் சூடு அளவாக ஏறும், குட்டியைச் சுடாது. ஒரு மணி நேரம் கழித்துச் சட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

அதன் பிறகு படுக்கை. ஓர் அட்டைப்பெட்டி, பழைய துவாலைகள், வெந்நீர் நிரப்பி இறுக மூடி இரண்டு சுற்றுத் துணி சுற்றிய போத்தல் ஒன்று. போத்தலைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். போத்தல் ஆறிவிட்டால் அதுவே குட்டியின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை மறந்துவிடக் கூடாது. இரவில் மூன்று மணிக்கொரு முறையாவது தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். எப்படியும் பால் கொடுக்க எழுந்துதான் ஆக வேண்டும்.

பாலுக்கு வருவோம். தாய் இருந்தால் தாய்ப்பாலே முதல் மருந்து. முதல் நாள் சுரக்கும் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு ஏறத்தாழ ஒரு நாள்தான் இருக்கும். ஆகவே கொழுத்த குட்டிகள் மூன்றையும் பக்கத்தில் ஒரு பெட்டியில் சற்று நேரம் வைத்துவிட்டு, சவலையைத் தனியாக மடியில் விடலாம். கால் மணி நேரம் போதும். மற்றவை கத்தட்டும், ஒன்றும் ஆகிவிடாது. சவலையைத் தாயிடமிருந்து முழுக்கப் பிரித்துக் கொண்டுவருவதைவிட, தாயிடம் விட்டு நாம் கூடுதலாகக் கொஞ்சம் ஊட்டுவதே மேல்.

ஊட்டுவது எதை? நம் வீடுகளில் கை உடனே டின் பாலுக்குப் போகும். அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை. பசும்பாலும் ஏற்றதன்று. பசும்பாலில் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல்தான் புரதம். பூனைப்பாலில் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது, கொழுப்பும் அதிகம். பசும்பாலைக் குடித்த குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும், 64 கிராம் உடம்பில் ஒரு நாள் போக்கைத் தாங்க நீர் ஏது? பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவு செல்லப்பிராணிக் கடைகளிலும் கால்நடை மருத்துவரிடமும் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் ஒரு குட்டி ஒரு வேளைக்குக் குடிப்பது நாலைந்து மில்லி, ஒரு தேக்கரண்டி. ஒரு டப்பா வெகுநாள் வரும்.

ஊட்டும் முறையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கைக்குழந்தையைப்போல் மல்லாக்கப் படுக்க வைத்துப் பால் கொடுக்கவே கூடாது. பால் நுரையீரலில் இறங்கிச் சளிக்காய்ச்சல் கண்டு குட்டி இறந்துவிடும். தாயிடம் குடிக்கும்போது அது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே குப்புறக் கிடந்து, தலை மட்டும் சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். சிறு போத்தலோ ஊசி இல்லாத சிரிஞ்சோ எதுவானாலும், குட்டி உறிஞ்சும் வேகத்துக்குத்தான் பால் போக வேண்டும். நாம் பீய்ச்சக் கூடாது. குடித்தபின் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவினால் சிறுநீரும் மலமும் கழியும். மூன்று வாரம் வரை இது நம் வேலை.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை ஊட்ட வேண்டும். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். தனி ஆளால் முடியாது என்பதுதான் உண்மை. நாங்கள் இரவை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். பகலில் அத்தை பார்த்துக்கொண்டார். ஒரு நாள் அவர் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தபோது பக்கத்து வீட்டு நேப்பாளத் தொழிலாளி பார்த்துக்கொண்டார். மொழி அதிகம் தெரியாத அவருக்குக் குட்டியைப் பிடிக்கும் பக்குவம் எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

குட்டி தேறுகிறதா என்பதைக் கண் சொல்லாது, தராசுதான் சொல்லும். கொழுந்து நிறுக்கும் தராசு இதற்கு உதவாது. சமையலறைக்கென்று விற்கும் சிறு மின்தராசு வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வைக்க வேண்டும். நல்ல குட்டி நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் கூடும். பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிக்கும். எங்கள் கடைக்குட்டி இரண்டாம் நாள் 64இலேயே நின்றது. மூன்றாம் நாள் 63. அன்றைய இரவு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலை 67. ஐந்தாம் நாள் 73. எண்களைப் பார்த்து இவ்வளவு மகிழ்ச்சி அடைய முடியும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் எடை கூடாமல் இருந்தால் கவனம். இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால், குட்டி பார்வைக்கு நன்றாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

எல்லாச் சவலையும் பிழைக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நாங்கள் விரும்பவில்லை. சிலவற்றுக்கு உள்ளுறுப்பிலேயே குறை இருக்கும். வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பாருங்கள். அங்கே பிளவு இருந்தாலோ, குடித்த பால் மூக்கு வழியே வந்தாலோ வீட்டு வைத்தியம் செய்து காலம் கடத்தக் கூடாது. இதற்கு முன்பு எங்களிடம் வந்த ஒரு குட்டி அப்படித்தான் போயிற்று. மாறாக, பார்வைக்கு நம்பிக்கையே தராத குட்டிகள் வாழ்ந்ததும் உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு காட்டுப்பூனைபோல் திரிந்த ஒரு பூனைக்குப் பிறந்த சவலைக்குட்டி லில் பப். குள்ள உடம்பு, குறுகிய தாடை, பல்லே முளைக்கவில்லை, கால்களில் கூடுதல் விரல்கள். வளர்க்க ஒருவர் முன்வந்தார். அது எட்டு வயது வரை, 2019ஆம் ஆண்டு டிசம்பர் வரை வாழ்ந்தது. உலகமெங்கும் அதன் படம் பரவி, ஆதரவற்ற விலங்குகளுக்குப் பெருந்தொகை திரட்டவும் உதவியது.

மருந்துப் பெட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். தெள்ளுப்பூச்சி சிறு குட்டியின் இரத்தத்தைக் குடித்தே அதைக் கொன்றுவிடும். அதற்காக நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பொடியைத் தூவினால், அதிலுள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. மண்ணெண்ணெய், கற்பூரம், டெட்டால் இவையும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் கழுத்து வரை கழுவி, உடனே துடைத்துச் சூடேற்றி, மெல்லிய சீப்பால் வாரி எடுப்பதே பாதுகாப்பு. காய்ச்சல் என்று பனடால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாத்திரையே ஒரு பெரிய பூனையைக் கொல்லப் போதும்.

பத்து நாள் வாக்கில் கண் திறக்கும். நாமாகப் பிரித்துவிடக் கூடாது. மூன்று வாரத்தில் தள்ளாடி நடக்கும். நாலு வாரத்தில் பால்மாவில் குழைத்த உணவை நக்கும், மூஞ்சியெல்லாம் பூசிக்கொள்ளும். குடற்புழு மருந்தும், எட்டு வார வாக்கில் முதல் தடுப்பூசியும் மருத்துவர் சொல்படி.

இந்த நாள்களில் இன்னொரு வளர்ப்பும் நடக்கிறது. இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை குட்டி எதைப் பழகுகிறதோ அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் அஞ்சாது. ஆகவே பல பேர் கையில் அது இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை, கை கழுவச் சொல்லி, தரையில் உட்கார வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். அதே நேரத்தில் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாட விட வேண்டும். கடித்தால் திருப்பிக் கடிக்கும் அண்ணன் தம்பி இல்லாமல் வளர்ந்த குட்டிக்கு எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவு தெரியாமல் போய்விடுகிறது.

இனி வீடு தேடும் வேலை. வளர்த்ததில் பாதிப் பொறுப்பு இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையோரமோ கோயில் வாசலிலோ வைத்துவிட்டு, யாராவது எடுத்துப் போவார்கள் என்று திரும்பிப் பாராமல் வருவது நம் ஊர்களில் நெடுநாள் பழக்கம். அந்தப் பெட்டிக்கு இரவில் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன குளிர்க் கணக்கை வைத்தே அறியலாம். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. விலங்கை வைத்திருப்பவருக்கு அதைப் பேணும் கடமை உண்டு என்கிறது அது. கொடுமை செய்தவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டுக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும் உண்டு.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்கக் கூடாது. சவலையாக இருந்த குட்டியைப் பன்னிரண்டு வாரம் வரை வைத்திருப்பது நல்லது. எங்கள் கடைக்குட்டியை மூன்று பேர் கேட்டார்கள். முதலாமவர் காய்கறித் தோட்டக்காரர். எலி பிடிக்கப் பூனை வேண்டும் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்கிறார்கள், இரவில் குட்டி கொட்டகையில் கிடக்க வேண்டும். அவருக்கு அதன் முரட்டு அண்ணனைக் கொஞ்சம் வளர்ந்த பிறகு கொடுப்பதாகச் சொன்னோம். இரண்டாமவர் ஒப்பந்தத்தில் வந்த இளைஞர். குட்டியிடம் உயிரையே வைத்திருந்தார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று தாமே சொன்னார். அந்த நேர்மையை மறக்க முடியாது. தோட்டங்களில் இது பெரிய சிக்கல். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஓய்வு பெற்றவர்கள் பட்டணத்தில் பிள்ளைகளிடம் போகும்போது பூனை மட்டும் பூட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

மூன்றாமவர்கள் கம்போங் ராஜாவில் சொந்த வீட்டில் இருக்கும் வயதான தம்பதியர். பிள்ளைகள் கோலாலம்பூரில். குட்டியைப் பார்க்க வந்தவர்கள், அழகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிடும், எங்கே படுக்கும், இடிக்குப் பயப்படுமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளே எங்களுக்குப் போதுமானதாக இருந்தன. நாங்கள் கேட்டவை: வீட்டில் வேறு விலங்கு உண்டா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், மருத்துவச் செலவு முடியுமா, உங்களுக்கு முடியாமல் போனால் வேறு யாரிடமும் தள்ளாமல் எங்களிடமே திருப்பிக் கொடுப்பீர்களா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கூச வேண்டியதில்லை. பெண் கொடுக்கும்போது கேட்பதில்லையா? வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் மணல் தட்டை வேறொருவர் நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூனையின் மலத்தில் வரக்கூடிய ஒரு கிருமி கருவைப் பாதிக்கும்.

கொடுத்தனுப்பும்போது அது படுத்த துவாலையைத் துவைக்காமல் கொடுத்தோம். புது இடத்தில் பழைய வாசனை இருந்தால் குட்டி அமைதியாக இருக்கும். சாப்பிட்டுப் பழகிய உணவு ஒரு வாரத்துக்கும், எடை குறித்த தாளும் உடன் போயின. முதல் இரண்டு வாரம் ஒரே அறையில் வைத்திருக்கவும், நாலைந்து மாதத்தில் கருத்தடை அறுவை செய்யவும் கேட்டுக்கொண்டோம். அன்று அதன் எடை 980 கிராம்.

அந்தத் தாய்ப்பூனையையும் சொல்லிவிட வேண்டும். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடியும் கருவுறக் கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் அடுத்த ஈற்று வந்துவிடும், அதிலும் ஒரு சவலை இருக்கும். குட்டிகள் பால் மறந்து, மடி வற்றியதும், அதை ஒரு கூடையில் வைத்துக் கட்டி, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்து வந்தோம். மலைப்பாதை வளைவுகள் முடியும் வரை கத்திக்கொண்டே வந்தது. திரும்பி வந்த இரவு, அத்தையின் கம்பளிச் சட்டைமேல் ஏறிப் படுத்துக்கொண்டது.